பச்சை மையில் திருத்தியது

மாதிரிப் பரீட்சை விடைத்தாள் றஷ்மியின் கைக்கு வந்தது. சிறுநீரகப் பாடத்தில், உடலில் நீரைத் தேக்கிவைக்கும் ஏ.டி.எச். ஓமோன் குறைந்தால் சிறுநீரும் குறையும் என்று எழுதியிருந்தாள். ரியூஷன் ஆசிரியர் அதைச் சிவப்பால் சுழித்து, ‘தலைகீழ்’ என்று போட்டிருந்தார்.

டெப்லெட்டைத் திறந்து பார்த்தாள். அவளுடைய குறிப்பிலும் அப்படியேதான் இருந்தது. பெரியம்மாவின் மகன் அனுஜனின் உயிரியல் புத்தகத்து ஓரங்களிலிருந்து பார்த்தெழுதிய குறிப்புகள் அவை. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் ஒரு கிழமை, ஏழே நாள்தான்.

கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பில் நின்றபடியே அனுஜனுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள்.

“நீல மையையோ பச்சை மையையோ பார்த்து எழுதினனீ?” என்று கேட்டான் அவன்.

“நீலம்தான் அண்ணா. வடிவான எழுத்து. பச்சை கிறுக்கலாக் கிடந்தது, விட்டிட்டன்.”

“ஐயோ றஷ்மி! நீலம் நான் முதல் தரம் படிக்கேக்க எழுதினது. அந்தமுறை பெயில். ரெண்டாம் தரம்தான் பிழையெல்லாத்தையும் பச்சையால திருத்தினனான்.”

புத்தகம் இப்போது அவளிடம் இல்லை. எல்லாம் டெப்பில் இருக்கிறதே என்ற தைரியத்தில், ரியூஷனில் பக்கத்தில் இருக்கும் மேனுகாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

மேனுகா இருக்கும் வெள்ளவத்தைக்குப் போகும் பஸ் ஊர்ந்தது. குறிப்புகளை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். சரியான வரிகள்கூட இப்போது பிழையாகத் தெரிந்தன. எதை மறப்பது, எதை வைத்திருப்பது? இதற்கிடையில் இன்னொரு நினைப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. மேனுகாவும் மருத்துவத்துக்குத்தான் எழுதுகிறாள். அவளும் கொழும்பு மாவட்டம்தான்; மாவட்டத்துக்கு இத்தனை என்று எண்ணித்தான் இடம். ஒரு புள்ளி வித்தியாசத்தில் இடம் கைமாறும்.

பிளாட் கதவைத் திறந்த மேனுகா சிரித்தாள். மேசையில் புத்தகம் விரிந்து கிடந்தது. நீல எழுத்துகளின் மேல் மஞ்சள் ஹைலைற்றர் ஓடியிருந்தது.

“கொஞ்சப் பக்கம் போட்டோ எடுக்கோணும்.”

“எடுமன். நல்ல புத்தகம் தந்தனீர். நீலத்தில கிடக்கிறதெல்லாம் பாடமாக்கிப்போட்டன்.”

றஷ்மி போனை எடுத்தாள். பச்சை இருந்த பக்கங்களை எல்லாம் படம் பிடித்தாள். அவசரத்தில் சில படங்கள் கலங்கின, திரும்பவும் எடுத்தாள். “போயிட்டு வாறன்” என்று செருப்பைப் போட்டாள். லிஃப்ற் வந்து கதவு திறந்தது. அவள் ஏறவில்லை. கதவு மூடியது.

திரும்பிப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

மேனுகா பக்கங்களைப் புரட்டினாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

“போட்டோ எடுக்கேக்கயே உமக்கு இது தெரியும், என்ன?”

“ஓம்.”

“சொல்லாம லிஃப்ற் வரைக்கும் போயிட்டீர்.”

றஷ்மிக்குக் கண் நிறைந்து வழிந்தது. மேனுகா மஞ்சள் பூசிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.

“கதவைச் சாத்திப்போட்டு வாரும்,” என்றாள் கடைசியில். “பச்சையை நீர் வாசியும். நான் எழுதுறன்.”

பொழுதுபடுவதற்குள் பாதிப் புத்தகம் முடிந்தது. அவ்வளவு நேரமும் மேனுகா அவள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. றஷ்மி எழும்பியபோது மட்டும், பேனையை மூடிக்கொண்டே சொன்னாள்:

“நாளைக்கு விடிய வெள்ளென வாரும். மிச்சம் கிடக்கு.”