உப்புப் போட்ட ஐஸ்

கிட்ட வந்து இருங்கோ பிள்ளையள். மண்டைதீவுக் கிறேஸ், புருசன்ர ரத்தத்துக்கு உப்புப் போட்ட கதை சொல்லுறன்.

கிறேஸ் மீன் விற்பவள். புருசன் வின்சன்றுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு நாள் பட்டணத்து ஆஸ்பத்திரி மெசினில் ரத்தம் சுத்தமாக்க வேண்டும். போன கிழமை திரும்பி வரும்போது, பஸ்ஸில் நின்றபடியே மயங்கி விழுந்தான். டொக்டர் நிலாந்தியின் ஆராய்ச்சியில் சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு ஏற்றி இறக்க ஒரு வான் வண்டி வரும். இன்றைக்குப் பழுதாகாத ரத்தம் ஒரு குழாய் கொடுத்தால்தான் பெயர் பதிவாகும்.

எடுத்த ரத்தத்தைக் குளிரில் வைக்க ஆஸ்பத்திரியில் ஐஸ் இல்லை. கிறேஸ்தான் விடிய மீன்வாடியிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தாள். நிலாந்தி ரத்தம் எடுத்துக் குழாயை அதற்குள் செருகினாள். அரை மணித்தியாலத்தால் எடுத்துப் பார்த்தால், குழாய்க்குள் ரத்தம் உறைந்து கல்லாக இறுகியிருந்தது.

"அக்கா, ஐஸுக்குள்ள என்ன போட்டனீங்கள்?"

"ரெண்டு பிடி உப்பு. மீனுக்குப் போடுறதுதானே, குளிர் நல்லாப் பிடிக்கும்."

"ஐயோ, இப்பிடி இறுகினால் சிவப்பணு எல்லாம் வெடிச்சுப் போகும். அதுக்குள்ள இருக்கிறதைத்தான் நான் அளக்கவேணும்."

கிறேஸுக்கு முகம் செத்துப்போனது. வின்சன்ற் கட்டிலில் கிடந்து சிரித்தான். "எடியே, என்னைக் கருவாடாக்கப் பாத்தனியோ?"

"இன்னும் ரத்தம் சுத்தமாக்கிற மெசின் பூட்டேல்லைத்தானே. பூட்டினால் ரத்தம் மாறிப்போகும். இப்பவே திரும்ப எடுப்பம்," என்றாள் நிலாந்தி.

கிறேஸ் வாசலில் குளிர்பானம் விற்கும் கூல்பாருக்கு ஓடினாள். வாங்கின ஐஸில் ஒரு துண்டை நக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தாள்.

ஊசி ஏறும்போது வின்சன்ற் கேட்டான்: "அப்பிடி என்ன டொக்டர் அதுக்குள்ள இருக்கு?"

"அணுவுக்குச் சக்தி குடுக்கிற சாமான், ஏ.ரி.பி எண்டு பேர். சிறுநீரோட போகவேண்டிய பொஸ்பேற் போகாமல் ரத்தத்தில தேங்குதெல்லோ, அதால ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் இது வழமையை விடக் கூடுது."

"கூடுதோ! அப்ப ஏன் எனக்கு ஒரு வலை தூக்க ஏலாமல் கிடக்கு?"

"உங்களிட்ட அணுவே குறைவு, அண்ணை. இருக்கிற கொஞ்சப்பேர் பொக்கற் நிறைய வைச்சிருக்கினம்."

"எங்கட ஊரிலயும் அப்பிடித்தான்," என்றான் வின்சன்ற். தாதிமார்கூடச் சிரித்துவிட்டார்கள்.

இந்தக் குழாய் சரிவந்தது. வின்சன்ற் முப்பதாவது ஆள். முப்பதோடு பட்டியலை மூடிவிட்டார்கள். அடுத்த கட்டிலில் கிடந்த வேலணை ஐயாத்துரை முப்பத்தோராவது.

பின்னேரம் இருவரையும் ஏற்றிக்கொண்டு வான் புறப்பட்டது. பின்னால் மூன்று சீற் வெறுமை. பஸ் தரிப்பில் ஐயாத்துரை, கையில் பஞ்சு ஒட்டியபடி, நிரம்பி வழிந்த பஸ்ஸின் படியில் ஒரு கால் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நிப்பாட்டும். அவரும் எங்கட பாதைதான்," என்றாள் கிறேஸ் சாரதியிடம்.

"பட்டியலில பேர் இல்லை, அக்கா. எனக்கு ஏலாது."

வான் அவரைத் தாண்டியது. கிறேஸ் யன்னல் பக்கமாக ஒதுங்கி, இன்னும் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, அப்படியே இருந்தாள்.

உங்கட வீட்டில ஒருத்தருக்கும் நோய் அண்டவேண்டாம், பிள்ளையள். அண்டினாலும், எண்ணிக்கை பாராமல் ஏத்திப்போக வாசலில ஒரு வாகனம் நிக்கட்டும்.