உள்ளே யாரோ நிற்கிறார்கள்

தசராவுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷாலினி பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மிஷின் அசையவில்லை. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு சுற்ற ஆரம்பித்தது. பேனலில் வந்த இங்கிலீஷ் வரியை அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தேவையே இல்லை, அந்தச் சிவப்பு என்ன சொல்கிறது என்பது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. உள்ளே யாரோ நிற்கிறார்கள், முதலில் அவர்களை வெளியே அனுப்பு, அப்புறம் என்னிடம் வா என்கிறது. குனிந்து பார்த்தாள். ரோலர்களுக்கு நடுவில் ஈ காக்கை இல்லை. நேற்றைய பூஜையில் உதிர்ந்த சாமந்தி இரண்டு கிடந்தது. அதையும் பொறுக்கி எறிந்துவிட்டு மறுபடி அழுத்தினாள். சிவப்புதான்.

மும்பை வடாலாவில் ரயில் பாதையை ஒட்டிய கோடவுன் அது. கட்டடங்களுக்குக் கூரை வார்க்கும்போது பலகைக்கு அடியில் தாங்கு கொடுக்கிற மஞ்சள் நிற மர பீம்கள் அங்கே உதிரியாக வந்து இறங்கும், கட்டுகளாக வெளியே போகும். நடுவில் நடப்பதெல்லாம் இந்த மிஷினின் வேலை. ரோலரில் பீம்கள் வரிசையாக வந்து நிற்கும். மேலிருந்து ஒரு கை இறங்கி ஐந்தைந்தாக உறிஞ்சிப் பிடித்துத் தூக்கும், அடுக்கும். இரண்டு அடுக்குக்கு ஒருமுறை குறுக்கே மெல்லிய கட்டைகளை வைக்கும். பத்து அடுக்கு ஆனதும் கட்டு நகர்ந்து கூண்டுக்குள் போகும். அங்கே அமுக்கி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி மறுபக்கம் தள்ளும். இதில் ஒரு விரல் அளவு பிசகினாலும் கட்டு லாரியில் சரியும். இதுவரை ஷாலினி அனுப்பிய கட்டு ஒன்றுகூடச் சரிந்ததில்லை. இதை அவளே சொல்வாள், வெட்கப்படாமல் சொல்வாள், கேட்காதவர்களைக் கூப்பிட்டும் சொல்வாள்.

சும்மா வந்த பவிசு இல்லை. தாராவியிலிருந்து மாஹிம் ஸ்டேஷனுக்கு நடந்து, ஹார்பர் ரயிலில் தொங்கி, ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கே லேபிள் ஒட்ட வந்தவள். மிஷின் வந்து இறங்கியபோது புனேயிலிருந்து வந்த இன்ஜினியர் மூன்று ஆண்களைப் பொறுக்கி எடுத்துப் பதினைந்து நாள் பாடம் நடத்தினார். பின்னால் லேபிள் சுருளோடு நின்றுகொண்டிருந்தவள் பத்தாம் நாளே அத்தனையும் உள்வாங்கிவிட்டாள். பதினோராம் நாள் மூவரும் முழித்துக்கொண்டு நின்ற இடத்தில் இவள் போய் ஒரு பொத்தானை அழுத்தி நின்றதை ஓடவைத்தாள். அந்த மூவரில் இன்று மிச்சமிருப்பது சாய்நாத் ஒருவன்தான். முதல் ஷிஃப்ட் அவள், இரண்டாம் ஷிஃப்ட் அவன்.

அந்த இரண்டாம் ஷிஃப்டைத்தான் தீபாவளியோடு மூடப் போகிறார்கள். ஆர்டர் குறைச்சல், ஒரு ஷிஃப்ட் போதும், ஒரு ஆபரேட்டர் போதும். மற்றவர் வெளியே யார்டில் வெயிலில் பீம் இறக்க வேண்டும். யார் மிஷினில், யார் யார்டில் என்பதைத் தசரா முடிந்து சொல்கிறேன் என்றிருந்தார் முதலாளியின் மகன் ஷ்ரவண். மாதுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர், குரல் உயர்த்தத் தெரியாதவர், அதனாலேயே அவர் சொன்னதை யாரும் மாற்றிப் பேச முடியாது. ஷாலினி பதினைந்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. வெளியே மட்டும், "எனக்கென்ன, என் வேலை பேசும்" என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

எட்டரைக்குள் கோடவுனே மிஷினைச் சுற்றிக் கூடிவிட்டது. கூண்டின் வாசலில் ஒரு பக்கம் 'கண்' இருக்கிறது. அதிலிருந்து போகிற ஒளிக்கோடு எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். கட்டு உள்ளே போகிற நேரம் தவிர, ஒளி வராவிட்டால் நடுவில் ஆள் நிற்பதாக மிஷின் எடுத்துக்கொள்ளும். ஷாலினி அந்தக் கண்ணை மெல்லிய துணியால் துடைத்தாள். அதைத் தினமும் அவள்தான் துடைப்பாள், வேறு யாரையும் கிட்டே விடமாட்டாள், நேற்றுப் பூஜையிலும் அதில் தண்ணீர்கூடத் தெளிக்கவிடவில்லை. வயரைப் பிடுங்கிச் சொருகினாள். அணைத்துப் போட்டாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பிச்சையா வண்டியை விட்டு இறங்காமலே எட்டிப் பார்த்தார்.

"நேத்து அந்தப் பூசை போட்டியேம்மா. சாமி உள்ளயே நின்னுட்டுதோ என்னமோ. பொங்கல் வச்சாத்தான் வெளிய வருமா இருக்கும்."

"சும்மா இருங்க அண்ணாச்சி. லோடு பதினோரு மணிக்குப் போணும்" என்றாள்.

யாரோ சாய்நாத்தின் பெயரை எடுத்தார்கள். எடுத்த மாத்திரத்தில் எல்லோருக்கும் அது சரி என்று பட்டது. போன வாரம்தான் அவன் ஷிஃப்டில் ஒரு பீம் திரும்பி, கண் பொருத்தியிருந்த கம்பத்தில் இடித்தது. கம்பத்தை நிமிர்த்தியாயிற்று. ஆனாலும் இடி இடிதானே, உள்ளே என்ன விட்டுப்போயிருக்கிறதோ. தசராவுக்கு முந்தின ராத்திரி கடைசியாக ஓட்டியதும் அவன்தான். தகவல் போய், பக்கத்துச் சந்தில் குடியிருந்த சாய்நாத் சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடி வந்தான்.

"நான் டச்சே பண்ணலக்கா. கசம், சத்தியமா. காலிபீலி, சும்மாவே என் பேரைச் சொல்றாங்க. ராத்திரி நல்லாதான் ஓடுச்சு."

ஷாலினிக்கு அவன்மேல் கோபமில்லை. அவன் கெட்டிக்காரன் இல்லை, அவசரக்காரன், ஆனால் பொய் சொல்லமாட்டான். இருந்தாலும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவளும் மனுஷிதானே.

ஒன்பதரைக்கு ஷ்ரவண் வந்தார். புனே ஆளுக்குப் போன் போட்டார். அவரால் நாளைதான் வர முடியுமாம். அதுவரை கண்ணை ஒட்டினாற்போல் ஒரு கண்ணாடியைக் கட்டிவிட்டால் மிஷின் ஏமாந்து ஓடும் என்றாராம்.

"இன்னிக்கு ஒருநாள் அப்படி ஓட்டலாமா, ஷாலினி?"

"ஓட்ட மாட்டேன் சார். உள்ள நெசமாவே ஆள் நின்னாலும் அதுக்குத் தெரியாது. கண்ணைக் கட்டிட்டு என்னால ஓட்ட முடியாது."

ஷ்ரவண் தலையாட்டினார். கூண்டைச் சுற்றி மறுபக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வருவதாக ஷாலினி போனாள். அந்தப் பக்கம் சுவரோரம் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடைவெளிதான். கண்ணுக்கு நேர் எதிரே, முகம் உயரத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தகடு. சைக்கிளின் பின்னால் மின்னுமே, அந்த மாதிரி. ஒளி போய்ப் பட்டுத் திரும்புவது அதில்தான். அதன் நட்டநடுவில், காய்ந்து வெடித்த சந்தனத்தின் மேல், தாராளமாக ஒரு குங்குமப் பொட்டு.

அவள் வைத்தது. நேற்று மோட்டாருக்கு, பேனலுக்கு, தூக்கும் கைக்கு, நாலு காலுக்கு என்று வைத்துக்கொண்டே வந்தவள், இங்கே வந்ததும் இந்த வட்டத்தைப் பார்த்து, பொட்டுக்கென்றே செய்துவைத்ததுபோல இருக்கிறதே என்று இருப்பதிலேயே பெரிதாக ஒன்று வைத்தாள். காலையில் மாலைகளைக் கழற்றினார்கள். பொட்டை யார் அழிப்பார்கள்? அது தானாக உதிரும்வரை இருக்கும். கோடவுன் முழுக்கப் பொட்டாக இருக்கும்போது இந்த ஒன்று மட்டும் யார் கண்ணில் படும்? கண்ணைக் கண்ணாகப் பாதுகாத்தவள் எதிரில் இருந்த தகட்டில் கோட்டை விட்டுவிட்டாள். அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் தகட்டைத் துடைத்துவிட்டிருந்தது. துப்பட்டா நுனியால் இன்னொரு துடைப்பு. வெளியே வந்து பச்சையை அழுத்தினாள்.

மிஷின் உறுமியது. கை இறங்கியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. பிச்சையா ஹார்ன் அடித்தார்.

"என்ன பண்ணினீங்க?" என்று ஷ்ரவண் கேட்டார்.

"கொஞ்சம் துடைச்சேன், சார்."

அது பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஷ்ரவண் சிரித்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் தன் வழக்கமான தணிந்த குரலில், "இதுல இனிமே யோசிக்க ஒண்ணுமில்லை. மிஷின்ல ஷாலினி. சாய்நாத், நீ தீபாவளிலேர்ந்து யார்டுக்குப் போ. மிஷினை இடிச்சுட்டு என்கிட்ட சொல்லாம விடறது சரியில்லை" என்றார். சாய்நாத் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் போய் நின்றான்.

முதல் கட்டு போயிற்று. அவள் வேலை அன்று கொடிகட்டிப் பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பீம் லேசாக முறுக்கியிருந்ததைத் தூரத்திலேயே பார்த்து நிறுத்திக் கழித்தாள். குறுக்குக் கட்டைகள் ஒன்றின் தலைமேல் ஒன்று நூல் பிடித்தாற்போல் உட்கார்ந்தன. பட்டை இறுகும்போது எழும் அந்த 'க்ரீச்' சத்தத்தை வைத்தே இறுக்கம் சரி என்று சொல்லிவிடுவாள். இரண்டாவது கட்டும் போயிற்று. எல்லாம் சரியாக இருந்தது, நெஞ்சுதான் குறுகுறுத்தது. பதினைந்து நாளாகக் கேட்ட இடம் கைக்கு வந்துவிட்டது. இந்த இடத்துக்கு அவள்தான் தகுதி என்பதில் அவளுக்கு அப்போதும் துளி சந்தேகமில்லை. அப்படியென்றால் அதை ஏன் திருடிய மாதிரி வாங்க வேண்டும் என்று எரிச்சலாக வந்தது. என் வேலை பேசும் என்று ஊரெல்லாம் சொன்னவள், இப்போது சாய்நாத்தின் மேல் விழுந்த பழி பேசி ஜெயித்திருக்கிறாள். இனி எந்தக் கட்டைப் பார்த்தாலும் இது நினைவு வரும்.

மூன்றாவது கட்டு வெளியே போனதும் சிவப்புப் பொத்தானை அறைந்தாள். சத்தம் நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், இது சாய்நாத் பண்ணது இல்ல. நான் பண்ணது. நேத்து பூசையில அந்த வட்டத் தகட்டுல பொட்டு வச்சுட்டேன். அதான் மறைச்சுட்டுது. இப்ப அதைத்தான் துடைச்சேன்."

ஷ்ரவண் முகம் இளகியது. "ஷாலினி, நீங்க நல்லவங்க. அவனுக்காகப் பேசறீங்க. ஒரு பொட்டுக்கு இவ்வளவு பெரிய மிஷின் நிக்குமா? அது அன்னிக்கு இடிச்ச இடிதான். விடுங்க."

"நான் ஒண்ணும் அவனுக்காகப் பேசலை. உள்ளதைச் சொல்லுதேன்."

"லோடு நிக்கறது. ஓட்டுங்க."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லவள் என்று சொன்னதற்காக வந்த கோபம். தப்பைக்கூட என் பேரில் எழுத மாட்டாயா என்கிற கோபம். "அப்ப பாருங்க சார்" என்று பச்சையை அழுத்தினாள். வெறும் ரோலர்கள் ஓட ஆரம்பித்தன. பேனலுக்குப் பக்கத்தில் சாமி படத்துக்கு முன்னால் நேற்றைய தட்டு அப்படியே இருந்தது. அதில் கரைந்து நின்ற சந்தனத்தில் மோதிர விரலைத் தொட்டாள், குங்குமத்தைத் தொட்டாள். ஷ்ரவணும் பிச்சையாவும் சாய்நாத்தும் பின்னாலேயே வந்தார்கள். சுவரோர இடைவெளியில் அவள் பக்கவாட்டில் நுழைந்து, எல்லோரும் பார்க்கும்படி ஒதுங்கி நின்று, வட்டத்தின் நடுவில் அழுத்தமாகப் பொட்டை வைத்தாள்.

ரோலர்கள் நின்றன. அவள் விரலை எடுத்த பிறகும் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே யாரோ நிற்கிறார்கள்.

ஷ்ரவண் விளக்கைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், அவள் விரலைப் பார்த்தார். சற்றுமுன் சொன்னதைத் திரும்ப எடுக்கவும் இல்லை, உறுதிப்படுத்தவும் இல்லை. அவர் மாற்றிச் சொல்லி யாரும் பார்த்ததில்லை.

"மிஷினை எனக்குத் தெரியும் சார். இப்பவும் என்னைவிட யாருக்கும் தெரியாது. ஆனா அவன் இடிச்சது போன வாரம். இன்னிக்கு நின்னது என்னால" என்றாள்.

சாய்நாத் முன்னால் வந்தான். அவள்மேல் படாமல் கையை நீட்டி, சட்டை நுனியால் தகட்டைப் பளபளவென்று துடைத்தான்.

"எனக்கும் அது பொட்டு வைக்கிற நெத்தி மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்க்கா" என்றான்.

சிவப்பு அணைந்தது. யாராவது வந்து அழுத்தட்டும் என்று பேனலில் பச்சைப் பொத்தான் விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது. ஷாலினியும் சாய்நாத்தும் அதற்கு இரண்டிரண்டு எட்டுத் தள்ளி, ஷ்ரவண் யாரைச் சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக வந்து நின்றார்கள்.