நீல நூல்

அக்கா தையல்காரி. கடை மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் ஆள். அவளைப் போய்க் கணவாய் ஏற இழுத்து வந்துவிட்டாள் தங்கை. வேலை மாற்றலாகி மலைக்கு அந்தப் பக்கம் போகிறாளாம், காட்டு வழியே நடந்துதான் போவாளாம். தாயில்லாமல் தூக்கி வளர்த்த பெண்ணைத் தனியாக அனுப்ப மனம் வருமா? வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கூடக் கிளம்பினாள்.

காலையில் தங்கையின் கோட்டுக்குக் கடைசிப் பொத்தான் தைக்கும்போது கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது. நீலத்தில் தைத்தாள். அவசரத்தில் ஊசி கட்டைவிரலில் ஏறி ரத்தம் வந்தது.

"ஊருக்கெல்லாம் ஒழுங்கா தைப்ப, எனக்குன்னா நீலமா?" என்றாள் தங்கை.

மெதுவாக நடப்பவர் முன்னால் போவது மலையேறுகிறவர்களின் வழக்கம். அதனால் அக்கா முன்னே, தங்கை பின்னே. திரும்பிப் பார்த்தால் கால் இடறும் என்று வளைவுக்கு வளைவு குரல் மட்டும்.

"வர்றியாடி?"

"வர்றேன்க்கா."

மூடுபனி இறங்கி மரங்கள் மறைந்தன. பறவைச் சத்தம் சட்டென்று நின்றது. அடுத்த வளைவில் அக்கா கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"இங்க இருக்கேன்க்கா."

குரல் மேலேயிருந்து வந்தது. ஏறிப் போய்ப் பார்த்தால், கணவாயின் உச்சிப் பாறையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். குறுக்கு வழியில் ஏறிவிட்டாளாம். கோட்டு திறந்து கிடந்தது. பழக்கதோஷம், அக்காவின் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. எல்லாப் பொத்தானிலும் கறுப்பு நூல்.

தன் கைத்தையல் தனக்குத் தெரியாதா? இது தங்கை இல்லை. அக்கா பயத்தை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"பையைக் கீழயே வச்சிட்டேன்டி. எடுத்துட்டு வந்துடறேன்."

"போயிட்டு வாக்கா. நான் எங்க போகப் போறேன்?"

வளைவு வரை நடந்தாள். அதற்கப்புறம் விழுந்தடித்து ஓடினாள். விழுந்து கிடந்த மரத்தருகே தங்கை கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள். கோட்டில் நீல நூல். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டிக்கொள்ள ஓடியவளைப் பார்த்துத் தங்கை கல்லை ஓங்கினாள்.

"கிட்ட வராத! கையைக் காட்டு."

அக்கா விரித்துக் காட்டினாள். கட்டைவிரலில் ஊசிக்காயம். கல்லைப் போட்டுவிட்டுத் தங்கை ஓவென்று அழுதாள்.

"இப்பத்தான் ஒருத்தி வந்தாக்கா. அச்சு அசல் நீதான். தூக்கி விடறேன்னு கையை நீட்டினா. விரல்ல காயமே இல்ல. கல்லை எடுத்ததும் கீழ எறங்கிப் போயிட்டா."

அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்போது கீழே, பனிக்குள்ளிருந்து, அக்காவின் குரலே கேட்டது.

"வர்றியாடி?"

மேலேயிருந்து தங்கையின் குரல் பதில் சொன்னது.

"வர்றேன்க்கா."

அக்கா தங்கையின் வாயைப் பொத்தினாள். தங்கை அக்காவின் வாயைப் பொத்தினாள்.