பாலம், காலை ஏழு பத்து

என் வலது கையில் மூன்று விரல்களை உடைத்தவர் வெளியாள் இல்லை, என் மனைவி ஷிஃபானாவின் அண்ணன், அவள் நானா என்று கூப்பிடும் லாபிர். கிண்ணியா மீன் சந்தையில் பெரிய கை. என் கலியாணத்தில் தன் கையாலேயே பெரிய தட்டுகளில், சஹன் சஹனாகச் சோறு தூக்கி வைத்த மனிசர். நோன்பு பிடித்துக்கொண்டுதான் உடைத்தார். நானும் நோன்போடுதான் அவருடைய உதட்டைக் கிழித்தேன். எல்லாம் ஒரு சித்திரக் கொப்பிக்காக.

நான் ஏசி திருத்துகிறவன். வீடு கிண்ணியாவில், வேலை பெரும்பாலும் டவுனில், ஓர்ஸ் ஹில் பக்கத்து அலுவலகக் கந்தோர்களில். விடிந்தால் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சீனக்குடா விமானப்படை முகாம் வழியாகப் போக வேண்டும். அந்த நேரத்தில் பயிற்சி விமானங்கள் எழும்பித் திரும்பி, குடாவின் மேலால் வட்டமிடும். ஒரு நாள் பாலத்தில் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். முப்பத்தெட்டு வயதில் கடைக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகள் மாதிரி சித்திரக் கொப்பியும் இரண்டு பென்சிலும் அழிறப்பரும் வாங்கினேன்.

முதல் படத்தைப் பார்த்து ஷிஃபானா கேட்டாள்: "சுறாவுக்கு ஏன் கதவு வச்சிரிக்கீங்க?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். படத்தைக் கிழித்தேன், கோடு போடும் அடிமட்டத்தைச் சுவரில் எறிந்தேன், அடுத்த நாள் மறுபடி படம் கீறினேன். யூடியூப்பில் ஒருவன் சொல்லித் தந்தான். முகமே தெரியாது, கை மட்டும்தான் தெரியும். முதலில் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு நடுக்கோடு. அந்தக் கோட்டில் உடம்பைப் பெட்டி பெட்டியாக அடுக்கு. பிறகு மூலைகளை உருட்டு. அதுவரைக்கும் பென்சிலை அழுத்தாதே. நான் அழுத்துவேன். ஆணி இறுக்கிப் பழகிய கைக்கு மெல்லத் தொடுவது என்றால் என்னவென்றே தெரியாது. இறக்கை அதைவிடக் கொடுமை. இரண்டும் ஒரே நீளம் என்று எனக்குத் தெரியும், அப்படியிருக்க அப்பால் உள்ள இறக்கையை மட்டும் குட்டையாகக் கீறு என்றால் மனம் ஒப்புமா? ஒரு மாதம் அந்தக் கையோடு சண்டை பிடித்தேன். விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியில் இதழ்களைக் கீறக் கூடாது, மெல்லிய புகைச்சல் போதும் என்று அது சொன்னபோது, விசிறியைப் பற்றி எனக்கே பாடமா என்று போனைக் கட்டிலில் வீசினேன். ஆனால் அது சொன்னதுதான் சரி.

ஆறு மாதத்தில் முப்பத்தொரு விமானம். கடைசி நாலைந்து உண்மையிலேயே பறந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோசம். ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து, பழகுகிறவர்கள் சேர்ந்த ஒரு குழுவில் போடுவேன்.

ஒரே ஒரு பழக்கம் வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஏசி திருத்தினால் வேலை அட்டையில் இடம், நேரம், அளவு எழுதாமல் நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. கை தன் பாட்டுக்கு எழுதிவிடும். படங்களுக்குக் கீழேயும் அப்படியே எழுதினேன். "பாலம், காலை 7.10. மேற்கிலிருந்து கிழக்கு. நீளம் இவ்வளவு, இறக்கை இவ்வளவு." கீழே என் ஒப்பம்.

பிறகு அந்த ஏப்ரல் மாதம் வந்தது, ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. செய்தவன்கள் எங்களைப் போல முஸ்லிம் பெயர்களை வைத்திருந்தான்கள். வெறி பிடித்த அந்த நாய்களை நான் சபித்த மாதிரி வேறு யாரும் சபித்திருக்க மாட்டார்கள். ஆனால் சபித்து என்ன? வீடு வீடாகச் சோதனை தொடங்கியது. எங்கள் சனம் வீட்டிலுள்ளதையெல்லாம் சந்தேகத்தோடு பார்த்தது. பக்கத்து வீட்டு முனீப் இறைச்சிக் கத்தி, மீன் கத்தி எல்லாவற்றையும் களப்புத் தண்ணியில் வீசிவிட்டு, வெங்காயம் வெட்ட எங்களிடம் கத்தி கேட்டு வந்தார். அரபுக் கிதாபுகளைக் கிணற்றில் போட்டவர்களும் உண்டு. கந்தோர்க்காரர்கள் என்னைக் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்றார்கள். நான் வீட்டிலிருந்து விமானம் கீறினேன்.

பன்னிரண்டாம் நோன்பு. நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு மேசையில் இருந்தேன். லாபிர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சேர்ட் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது.

"சோதனைக்காரனுகள் அடுத்த ஒழுங்கையில நிக்கிறானுகள். வீட்டில என்ன இரிக்கி? எல்லாத்தையும் காட்டு."

"ஒண்டுமில்ல மச்சான்."

மேசையில் கிடந்த கொப்பியை எடுத்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொன்று புரட்டினார். அவருடைய முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"பாலம், காலை ஏழு பத்து. கிழக்க போகுது. நீளம் இவ்வளவு. இது என்னடா நிப்றாஸ்? படமா, துப்பா?"

"பொழுதுபோக்குக்குக் கீறினது."

"அத அவனுகளுக்கு ஆரு வாசிச்சுக் காட்டுற? நீயா? ஒன்ன மட்டுமா கொண்டு போவானுகள்? இவள ஆரு பாக்கிற? எரி இத."

"எழுத்த மட்டும் அழிச்சிடுறன். படம் இரிக்கட்டும்."

"எரி எண்டு சொல்றன்!"

நான் கொப்பியைப் பறித்தேன். அவர் என் கழுத்தைப் பிடித்தார். முழங்கையால் அவருடைய வாயில் இடித்தேன், உதடு பிளந்து என் தோளெல்லாம் இரத்தம் தெறித்தது. அவர் வயிற்றில் குத்தினார். மூச்சு நின்றது. கதிரை உடைந்தது. ஷிஃபானா இடையில் வந்து நானாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவர் உதறியதில் சுவரோடு போய் மோதினாள். நான் கொப்பியை அலுமாரிக்குள் தள்ளினேன். கையை வெளியே எடுக்க முதல் லாபிர் அலுமாரிக் கதவை அடித்துச் சாத்தினார்.

எலும்பு உடையும் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டது என்னுடையது என்று விளங்கவே ஒரு கணம் ஆனது. அப்படியும் கொப்பியை விடவில்லை. இரண்டாம் தரம் சாத்தினார். விட்டுவிட்டேன். "விட்டுட்டன் மச்சான், விட்டுட்டன்" என்று கத்தினேன். அதற்குப் பிறகும் மூன்றாம் தரம் சாத்தினார்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் பயம். மூன்றாவது என்ன?

கொப்பியோடு குசினிக்குப் போனார். "வெளிய எரிச்சா சந்தேகப்படுவானுகள். அடுப்பில எண்டா சமையல் எண்டு நினைப்பானுகள்" என்றார். ஷிஃபானா அழுதுகொண்டே மண்ணெண்ணெய் ஊற்றினாள். நான் கையைச் சாரத் துண்டொன்றால் சுற்றிக்கொண்டு தரையில் இருந்து பார்த்தேன். தடித்த தாள், எரிவதைவிடப் புகைந்ததுதான் கூட. கூரையால் கறுப்பாகப் போனது. நாங்கள் மூன்று பேரும் நோன்பாளிகள். நோன்பு மாதத்தில் பகல் பன்னிரண்டரைக்கு எந்த முஸ்லிம் வீட்டு அடுப்பு எரியும்? அது மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பயந்த புத்தி அவ்வளவுதான்.

சீருடைக்காரர் ஆறு பேர் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அவர்களுடைய பெரியவர் நீண்ட காலம் எங்கள் பக்கம் இருந்தவர் போல, தமிழ் கதைத்தார். வாசலில் நின்று மணந்து பார்த்தார்.

"நோன்பு தானே? இப்ப என்ன சமையல்?"

"தங்கச்சிக்குச் சுகமில்ல சேர். கஞ்சி காச்சின" என்றார் லாபிர், பிளந்த உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு.

"கஞ்சிப் பானை எங்க?"

பானை கவிழ்ந்து தட்டில் இருந்தது. ஒருவன் தோளில் இருந்த துவக்கின் முனையால் அடுப்பைக் கிளறினான். பாதி எரிந்த ஒரு தாள் வெளியே வந்தது. ஒரு வால், அதன் கீழே "காலை 7.10".

அடுத்து நடந்தது எல்லாம் அடிதான். துவக்குப் பிடியால் முதுகில் ஒன்று விழ நான் முழங்காலில் விழுந்தேன். கையில் சுற்றியிருந்த துணியை இழுத்தார்கள். விரல்கள் வீங்கி நாவற்பழ நிறத்தில் இருந்தன. இரத்தம் சொட்டியது. அந்த நாட்களில் காயப்பட்ட கையோடு ஒரு முஸ்லிம் ஆண்! சொல்லவா வேண்டும்? "என்ன வெடிச்சது? எங்க வெடிச்சது?" என்று ஒருவன் என் தலைமுடியைப் பிடித்து நிலத்தில் இடித்தான். எரிக்கச் சொன்னதும் லாபிர், உடைத்ததும் லாபிர். இரண்டும் சேர்ந்து என்னைக் குண்டு செய்கிறவன் ஆக்கிவிட்டன. வாயில் இரத்தம் ஊறியது, விழுங்கினால் நோன்பு முறியுமா என்று ஒரு யோசனை வேறு.

"போன்ல இரிக்கி சேர், எல்லாம் போன்ல இரிக்கி!" ஷிஃபானாதான் கத்தினாள். எனக்கு அது நினைவே வரவில்லை. போனைத் திறக்கும் இலக்கத்தையும் அவளே சொன்னாள்.

பெரியவர் உடைந்த கதிரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முப்பத்தொரு விமானமும் இருந்தன, விமானத்தை மட்டும் பிடித்திருந்ததால் கீழே எழுதிய இடமும் நேரமும் விழவில்லை. கதவு வைத்த சுறாவும் இருந்தது. குழுவில் யார் யாரோ சிரித்தது, நான் திட்டியது, முகமில்லாத அந்தக் கை பெட்டி அடுக்கும் காணொளி, எல்லாம் இருந்தன. மூன்று நிமிடம் இருக்கும். ஒரு படத்தில் நின்றார்.

"இந்த இறக்கை பிழை" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. என் முடியைப் பிடித்திருந்தவன் கையை எடுத்தான்.

"சரி. நீ படம் கீறுற ஆள். கைய யார் உடைச்சது?"

இடது கையைத் தூக்கி லாபிரைக் காட்டினேன்.

"எரிச்சது?"

"அவர்தான். நான் வேணாம் எண்டு சொன்னன். கேக்கல்ல."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. வாப்பாவின் மேல் சத்தியம் செய்வேன், ஒரு சொல் கூட்டவில்லை. பெரியவர் லாபிரின் பக்கம் திரும்பினார்.

"கீறின ஆளுக்குப் பயமில்ல. எரிக்கப் பாத்திருக்கிறது நீ. அதுக்கு ஒரு ஆள்ட கையையும் உடைச்சிருக்கிற. ஒனக்கு என்ன தெரியும்?"

லாபிர் தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார். ஷிஃபானாவும் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் எதற்குக் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். "எங்களுக்காகப் பயந்து செஞ்சவர் சேர்." அவ்வளவுதான். அந்தப் பெரியவர் நான் சொன்னால் நம்புகிற நிலையில் இருந்தார், உடைந்த கை என்னுடையது, என் வாய்ச்சொல்லுக்கு அந்த நேரம் விலை இருந்தது. வசனம் தொண்டை வரைக்கும் வந்தது. விரல்கள் துடித்தன. விட்டுட்டன் மச்சான் என்று நான் கத்தியதும், அதற்குப் பிறகு கதவு வந்ததும் காதில் கேட்டது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

துவக்குப் பிடி லாபிரின் இடது காதில் இறங்கியது. மனிசர் மரம் மாதிரி சாய்ந்தார். விழுந்தவரை உதைத்தார்கள், எழுப்பினார்கள், மறுபடி அடித்தார்கள். முற்றத்தில் ஷிஃபானா ஒருவனின் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு இழுபட்டுப் போனாள். முழங்கால் உரிந்து மண்ணில் கோடு விழுந்தது. லாபிர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நேரமும் இடமும் எழுதினது இவன்தான், கேளுங்கள் என்று சொல்லியிருந்தால், வாகனத்தில் எனக்கும் இடம் இருந்தது. அவர் சொல்லவில்லை. காதிலிருந்து இரத்தம் கழுத்தால் வழிய வழிய ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நோன்பு திறக்கும்போது ஷிஃபானா பேரீச்சம்பழத் தட்டை என் முன்னால் வைத்தாள்.

"ஒரு வசனம்" என்றாள். "ஒரு வசனம்தானே."

பதினான்கு மாதம் உள்ளே. வழக்கு இல்லை, விசாரணை இல்லை, விடுதலையும் இல்லை. லாபிரின் கடையை வேறு யாரோ எடுத்தார்கள். ஷிஃபானா பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கூட வா என்று என்னைக் கேட்கவில்லை. நானும் வாறேன் என்று சொல்லவில்லை. விரல்கள் பொருந்தின, இரண்டு வளைந்துபோய். பொருந்திய அன்றே பென்சிலை எடுத்தேன். கை நடுங்கியதில் முதல் தடவையாக அழுத்தாமல் கோடு வந்தது. படம் நன்றாக இருந்தது. அதைக் கண்ட ஷிஃபானா என்னோடு மூன்று கிழமை கதைக்கவில்லை. நான் தப்பில்லை என்று இன்றைக்கும் என் வாய் வாதாடும். மூன்றாம் தரம் அவர் ஏன் சாத்தினார், சொல்லுங்கள் பார்ப்போம்? வாதாடி முடிந்ததும் நெஞ்சு எரியும். கோழைப் பயல், பழி வாங்கினாய் என்று அது சொல்லும். அதுவும் உண்மைதான்.

போன ஆடியில் அவரை விட்டார்கள். அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். பாதியாய்ப் போயிருந்தார். புதுக் கதிரையில் உட்காரவில்லை, பாயில் இருந்தார். நான் அவருடைய இடது பக்கத்தில் இருந்தேன். ஷிஃபானா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றாள். என் வளைந்த விரல்களைப் பார்த்தார்.

"நோகுதா?"

"குளிருக்கு மட்டும்."

தலையாட்டினார். எத்தனையோ தரம் தனியாகச் சொல்லிப் பழகிய வசனத்தை அப்போது சொன்னேன். "நீங்க எங்களுக்காகப் பயந்துதான் செஞ்சீங்க மச்சான். அண்டைக்கு அத நான் சொல்லியிரிக்கணும்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"இது கேக்காது மச்சான். இந்தப் பக்கம் வந்து சொல்லு."

எழும்பினேன். சுற்றிப் போய் அவருடைய வலது பக்கம் இருந்தேன். அவர் தலையைச் சாய்த்து, சுகமான காதை எனக்குத் தந்துவிட்டுக் காத்திருந்தார். குசினி வாசலில் ஷிஃபானா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தேத்தண்ணி ஆறுது" என்றேன். "குடிங்க."