வெளியே தெரியாமல்

வாஷி ஸ்டேஷனை ஒட்டிய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், விஜயராணி பையை வைத்துவிட்டு உட்காரப் போகும்போதே அவளுடைய பாஸ் கௌசிக் கூப்பிட்டான். அவன் ஸ்கிரீனில் அந்த ஏஐ கீவேர்ட் டூல் திறந்திருந்தது. இணையத்தில் ஜனங்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்கள், அதில் எதற்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் எழுதவில்லை, எதை எப்படி எழுதினால் நம் பக்கம் முதலில் வந்து நிற்கும் என்பதையெல்லாம் அது கொத்துக் கொத்தாகப் பொறுக்கிக் கொடுக்கும். ஒரு தமிழ் வரிக்குப் பக்கத்தில் பச்சை அம்பு ஒன்று மேலே ஏறியிருந்தது.

"இது என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படியேன்."

கௌசிக் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பம். தமிழ் பேசுவான், படிக்க வராது. விஜயராணிக்கு இந்த வேலை கிடைத்ததே அதனால்தான். தாராவியில் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். அங்கேயே லேபர் கேம்ப் பகுதியில் அவர்கள் குடியிருக்கும் சந்திலிருந்து கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிற முதல் பெண். சயானில் ஏறி குர்லாவில் வண்டி மாறி, கூட்டத்தில் நசுங்கி வந்தாலும் அந்த அட்டையை துப்பட்டாவுக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

அவள் சத்தமாகப் படித்தாள். "வெளியே தெரியாமல் கணவனை மாற்றுவது எப்படி."

டிசைன் பார்க்கிற சுஷ்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கௌசிக் சிரிக்கவில்லை. அவன் முகம் பூரித்துப் போயிருந்தது. இத்தனை பேர் தேடுகிறார்கள், ஒருத்தனும் எழுதவில்லை, காலி மனை மாதிரி கிடக்கிறது என்றான். செம்பூரில் பரிகாரம் சொல்கிற குருஜி ஒருவருடைய வலைப்பக்கத்தை அவர்கள்தான் நடத்தினார்கள். அவருக்கு இது லட்டு மாதிரி.

விஜயராணி அன்று மத்தியானமே எழுதி முடித்தாள். பெண்களிடம் பிரியமாகப் பேசினால் அதிக நேரம் படிப்பார்கள் என்று டூல் சொன்னதால், 'தங்கச்சி' என்று ஆரம்பித்தாள். அந்த வரியோடு சேர்த்துத் தேடப்படும் மற்ற வார்த்தைகளையும் அது காட்டியது. யாருக்கும் தெரியாமல், மாமியாருக்குத் தெரியாமல், ரகசியமாக. அவற்றையெல்லாம் உள்ளே கொண்டுவர வேண்டும். அதனால் நடுவில் ஒரு தலைப்பு வைத்தாள்: 'யாரிடமும் சொல்லாதீர்கள்'. அதன் கீழே, குருஜி தரும் விபூதியை ஒரு மண்டலம் கணவன் தலையணைக்குக் கீழே வைக்க வேண்டும், அதுவரை வீட்டு விஷயம் வெளியே போனால் பலன் கலைந்துவிடும் என்று எழுதினாள். குருஜி அப்படிச் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை. கடைசியில் அவருடைய நம்பர். ஸ்கிரீன் மூலையில் இருந்த வட்டம் பச்சையானது. எழுதியது தேறிவிட்டது என்று அர்த்தம். அடுத்து முடி உதிர்வதற்கு ஒரு கட்டுரை இருந்தது. அதற்குப் போய்விட்டாள்.

மழைக்காலம் பாதி முடிந்திருந்தபோது, பக்கத்து வீட்டு கீதாவுக்குக் கை ஒடிந்தது.

பக்கத்து வீடு என்றால் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். கீதாவின் புருஷன் மகேஷ்குமார் விக்ரோலியில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். சந்தில் எதிர்ப்படும் பெரியவர்களுக்கெல்லாம் வழிவிட்டு ஒதுங்கி நிற்பான். சாயங்காலங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்தால் விஜயராணியின் அம்மா சொர்ணம்மாள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். எதிர்வீட்டிலும் கூட்டுவார்கள். அது பழகிப் போயிருந்தது. மிக்ஸி ஓடும்போது குரலை உயர்த்திப் பேசுவதுபோல.

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டு மாவுக்கட்டோடு கீதா வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விஜயராணி கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். மகேஷ்குமார் இல்லை. கீதா இடது கையால் நாலு வாய் குடித்தாள். பிறகு அவளாகவே, போனில் ஒன்று காட்டுகிறேன், யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். சொல்லக் கூடாது என்றுதான் அதில் போட்டிருக்கிறது, ஆனால் மண்டலம் முடிந்தும் ஒன்றும் ஆகவில்லை, எங்கே தப்புவிட்டேன் என்று நீயாவது படித்துச் சொல் என்றாள்.

விஜயராணிக்கு அந்தப் பக்கத்தின் நிறம் தெரிந்தது. பிறகு படம். பிறகு 'தங்கச்சி'. படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"நல்ல மனசோட எழுதியிருக்காங்க யாரோ," என்றாள் கீதா. "படிக்கயில அழுக வந்துட்டு. அதாம் ஊர்ல எங்கம்மைக்குக்கூட ஒரு வார்த்த சொல்லல. மூச்சுவிட்டா பலன் போயிருமேன்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தேன்."

விஜயராணி என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைத் திரும்ப எடுத்து வரவும் மறந்துபோனாள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கீதா தேடிய அந்த வார்த்தைகள்தான் எங்கோ ஒரு எண்ணாகச் சேர்ந்து, பச்சை அம்பாக ஏறி, வாஷியில் அவள் முன்னால் வந்து நின்றிருக்கின்றன. கீதா கேட்ட கேள்வி அவளிடம் வந்திருக்கிறது. பதில் சொன்னதும் அவள்தான். வாயை மூடிக்கொண்டு அடி வாங்கு என்று சொல்லியிருக்கிறாள், தங்கச்சி என்று கூப்பிட்டு. அன்று ஆரம்பித்த எரிச்சல் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

திங்கட்கிழமை போனதும், அந்தக் கட்டுரையை எடுத்துவிட வேண்டும் என்று கௌசிக்கிடம் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். அவன் நிஜமாகவே முகம் வாடினான். ரொம்பப் பாவம் என்றான். டீ வரவழைத்துக் கொடுத்தான். தன் சித்தி ஒருத்திக்கும் இப்படி இருந்தது, ஆனால் நம் வீடுகளில் இதையெல்லாம் பேச மாட்டார்கள் என்றான். டீ ஆறுவதற்குள் அவன் குரல் பழையபடி ஆகிவிட்டது.

"நாம யாரையும் அடிக்கச் சொல்லலையே, ராணி. தேடறவா தேடிண்டுதான் இருப்பா. நாம எழுதலேன்னா இன்னொருத்தன் எழுதுவான். அந்தப் பேஜ் இப்ப ரெண்டாவது இடத்துல நிக்கறது. ஒரு அப்டேட் குடுத்தா முதல் இடத்துக்கு வந்துடும். நீயே பண்ணிடு, உன் கை ராசி."

கை ராசி என்ற வார்த்தை கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் இடத்தில் போய் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். தலைப்பைத் தொடவில்லை. 'தங்கச்சி'யையும் அடியில் இருந்த குருஜி நம்பரையும் விட்டுவைத்தாள். மற்ற அத்தனையையும் அழித்தாள்.

வெளியே தெரியாமல் கணவனை மாற்ற முடியாது தங்கச்சி, தெரிந்தால்தான் அவன் பயப்படுவான் என்று எழுதினாள். ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதே, அடித்தான் என்று சொல், எழுதிக்கொள்வார்கள், அந்தக் காகிதம் நாளைக்கு உனக்கு வேண்டும் என்று எழுதினாள். பெண்களுக்கு உதவுகிற 181 என்ற அரசாங்க நம்பருக்குப் போன் செய் என்றும், ராத்திரியில் உயிருக்கு ஆபத்து என்றால் 112 என்றும் எழுதினாள். விபூதி தருகிறவன் உன் வாயைத்தான் கட்டுகிறான், உன் புருஷன் கையைக் கட்டவில்லை என்று எழுதியபோது அவள் விரல்கள் கீபோர்டைக் குத்தின. சுஷ்மா திரும்பிப் பார்த்தாள். 'வெளியே தெரியாமல்' என்பது இன்னும் இரண்டு இடத்தில் வந்தால் நல்லது என்று டூல் யோசனை சொன்னது. வெளியே தெரியாமல் செத்துப் போகாதே, வெளியே தெரியாமல் அழாதே என்று சேர்த்தாள். வட்டம் முன்னைவிட அழுத்தமான பச்சையானது. கௌசிக் வந்து எட்டிப் பார்த்தான். வட்டத்தைப் பார்த்தான். சபாஷ் என்று சொல்லிவிட்டு இணையத்தில் ஏற்றினான்.

பக்கம் முதல் இடத்துக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க அங்கேயே நின்றது. கௌசிக் சூடாக வடாபாவ் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தான். விஜயராணியும் வாங்கிக்கொண்டாள், ஆனால் சாப்பிடவில்லை. யாரோ படிக்கிறார்கள் என்ற நினைப்பு மட்டும் தெம்பாக இருந்தது. எந்த ஊரோ, எந்தச் சந்தோ, கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி படிக்கிறாள்.

பிறகு குருஜி போன் செய்தார். பக்கத்தின் அடியில் அவர் நம்பர் அப்படியேதான் இருந்தது. கூப்பிட்ட பெண்கள் பரிகாரம் கேட்கவில்லை, வாய்க்கு வந்தபடி ஏசினார்களாம். ஒருத்தி உன் விபூதியை உன் தலையில் கொட்டிக்கொள் என்றாளாம். கௌசிக் கட்டுரையை மொழிபெயர்ப்பில் போட்டு இங்கிலீஷில் படித்தான். இரண்டு முறை படித்துவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டான்.

அவன் கத்தவில்லை. நம்பிவிட்டேன், என்னை முட்டாளாக்கிவிட்டாய் என்றான்.

"ஒங்க பாஷதான சார். படிச்சுப் பாத்திருக்கலாம்லா," என்றாள் விஜயராணி.

அவன் காது சிவந்தது. ஆனால் அவன் கெட்டிக்காரன். முதல் இடத்தில் நிற்கிற பக்கத்தை யாராவது எடுப்பார்களா? எதனால் நிற்கிறது என்றும் அவனுக்குத் தெரியும். இவ்வளவு நேரம் நின்று படிக்கிற மாதிரி யாரும் எழுதியதில்லை. அவள் முன்னாலேயே, கட்டுரை எழுதித் தரும் ஏஐ மெஷினுக்கு இங்கிலீஷில் இரண்டு வரி அடித்தான். எழுத்து நடை மாறக் கூடாது, தங்கச்சி இருக்கட்டும், கோபம் இருக்கட்டும், போய்ச் சேருகிற இடம் மட்டும் மாறட்டும். அவள் இமை தட்டுவதற்குள் தமிழ் மளமளவென்று இறங்கியது. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

"தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

அவள் படித்தாள். எல்லாம் அவள் வார்த்தைகள்தான். வெளியே தெரியாமல் அழாதே தங்கச்சி. வழுக்கி விழுந்தேன் என்று பொய் சொல்லாதே. அடித்தான் என்று சொல். அதற்கு அடுத்த வரி: முதலில் சொல்ல வேண்டியது குருஜியிடம். அவர் உன் அப்பாவைப் போல. 181 இருந்த இடத்தில் செம்பூர் நம்பர் உட்கார்ந்திருந்தது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

என்ன செய்கிறோம் என்று தெரிவதற்கு முன்பே அவள் லேப்டாப்பைப் பிடித்து இழுத்தாள். கௌசிக் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். குழாயடியில் குடத்துக்குச் சண்டை போடுவதுபோல இரண்டு பேரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்று இழுத்தார்கள். சுஷ்மா ஓடிவந்து, "அரே, க்யா கர் ரஹே ஹோ," என்று இந்தியில் அதட்டிக்கொண்டு நடுவில் புகுந்தாள். விஜயராணி கையை விட்டாள். விட்டதும் அவன் இரண்டடி பின்னால் போய் நாற்காலியில் விழுந்தான். அங்கிருந்தபடியே ஒரு பொத்தானைத் தட்டினான். அவ்வளவுதான். ஏறிவிட்டது.

பையை எடுத்துக்கொண்டு அவள் ஏறிய பகல் வண்டியில் கூட்டமில்லை. கடல் பாலத்தின் மேல் வண்டி போகும்போது போனில் அந்த வரியை அடித்துப் பார்த்தாள். முதலில் அதுதான் வந்தது. நாலு பேர் பார்க்கட்டும் என்று அவள் கண்ணைத் துடைக்காமலேயே உட்கார்ந்திருந்தாள். எதிர் சீட்டுப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேராக கீதா வீட்டுக்குத்தான் போனாள். கீதா ஒற்றைக் கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஜயராணி வாசலில் நின்றபடியே சொன்னாள். அதை எழுதியது நான்தான், முதலில் எழுதினது, பிறகு மாற்றி எழுதினது, இப்போது அவர்கள் மாற்றினது, எல்லாவற்றையும் சொன்னாள்.

கீதா களைந்த தண்ணீரைக் கொட்டினாள். இன்னொரு தண்ணீர் ஊற்றினாள்.

"நீதானா," என்றாள். "நீன்னு தெரிஞ்சிருந்தா நேர்லயே வந்து கேட்டிருப்பேன்லா, ராணி. போன எதுக்குப் பாக்கேன்."

கீதா அந்தத் தண்ணீரையும் வடித்தாள்.

"நீயும் வந்து கேட்டிருக்கலாம். செவத்துக்கு அந்தப் பக்கந்தான இருந்த. டிவி சத்தம் கூடும்லா, ஒங்களுக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும்."

இவ்வளவு நாள் கௌசிக் மேலும் குருஜி மேலும் மெஷின் மேலும் எரிந்த எரிச்சல் இப்போது இங்கே, இந்த வாசலில், அவள் மேலேயே திரும்பி விழுந்தது.

நீ எழுதின அந்த நம்பர் என்ன என்று கீதா கேட்டாள். விஜயராணி சொன்னாள். போனை எடு, இப்போதே அடிக்கலாம் என்றாள். போன் இல்லை, போன வாரத்திலிருந்து அவர் வேலைக்குப் போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போகிறார் என்றாள் கீதா. விஜயராணி தன் போனை நீட்டினாள். கீதா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"போன்ல எழுதாத," என்றாள். "அவுக மாதிரி ஆம்பளைக வராத எடத்துல எழுது."

சந்தின் முனையில் பொதுக் கழிப்பறை. பெண்கள் பக்கம் சாயங்கால வரிசை ஆரம்பித்திருந்தது. விஜயராணி ஸ்டேஷனரிக் கடையில் தடித்த கறுப்பு மார்க்கர் வாங்கிக்கொண்டு முதல் கதவுக்குள் போய்த் தாழிட்டாள். தகரக் கதவில் ஈரம் பூத்திருந்தது. 181-க்காக எழுதிய முதல் 1 வழிந்து இறங்கியது. துப்பட்டாவால் அழுத்தித் துடைத்துவிட்டு, குந்தி உட்காருகிறவளின் கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்று தானும் குந்தி, மறுபடி எழுதினாள். கீழே தமிழில் ஒரு வரி, பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் படித்த மராட்டியில் ஒரு வரி. வெளியே யாரோ பக்கெட்டால் கதவை இடித்தார்கள். எவ்வளவு நேரம் என்று இந்தியில் சத்தம் வந்தது.

"நில்லுங்க," என்றது கீதாவின் குரல். "எழுதிட்டிருக்கா."

அந்தக் குரல் அவ்வளவு உரக்க விஜயராணி கேட்டதில்லை. தாழைத் திறந்து வெளியே வந்தபோது, அடுத்த கதவின் ஓரத்தில் முதுகைச் சாய்த்து, மாவுக்கட்டுக் கையை வரிசைக்குக் குறுக்கே நீட்டியபடி கீதா நின்றிருந்தாள். பக்கெட்டுகளோடு பெண்கள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விஜயராணி குனிந்து, அந்தக் கைக்கு அடியில் நுழைந்து, அடுத்த கதவிலும் எழுத உள்ளே போனாள்.