கையோடு வந்தது

மகளின் தலையை வாரிக்கொண்டிருந்தவளின் சீப்பு பாதியில் நின்றது. வாசலில் கணவன் தன் தம்பியிடம் பேசுவது காதில் விழுந்தது.

"வீட்டுப்படி எவனும் ஏறினதில்லடா. புள்ள தனியா இருக்கான்னு டெலிவரிக்காரனைக்கூட உங்க அண்ணி வரவிடமாட்டா. அப்புறம் அந்தப் போதை மாத்திரை எப்படி உள்ள வந்துச்சு?"

யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

அவள் மீண்டும் வாரினாள். சிக்கு விழுந்திருந்தது. மகள் உயிரோடு இருந்தால், "மெதுவாம்மா, வேரோட புடுங்குவியா?" என்று சீறியிருப்பாள்.

பார்சல் கிடங்கில் அவளுக்கு வேலை. வந்து குவியும் பெட்டிகளைத் தெருவாரியாகப் பிரிக்க வேண்டும். மகள் பெயருக்கு ஏதாவது வந்தால், மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுத் தன் பையிலேயே எடுத்து வந்துவிடுவாள். பதினாறு வயதுப் பெண் தனியாக இருக்கும் வீட்டுக் கதவை முன்பின் தெரியாதவன் தட்ட வேண்டாம் என்றுதான். முகத்துக்குப் போடும் கிரீம் என்பாள் மகள். "கண்ணாடி பாவம்டி, அதுக்கும் ஒரு நாள் லீவு குடு" என்று சிரித்துக்கொண்டேதான் போன வாரமும் கொடுத்தாள்.

மகளின் பள்ளித்தோழி உள்ளே வந்து ஒட்டி உட்கார்ந்தாள். அழுது வீங்கிய முகம்.

"ஆன்ட்டி, அவ பேருக்கு இன்னொரு பார்சல் வரும். பிரிக்காம என்கிட்ட குடுத்துடுங்க."

"உன்னுதா?"

"பாதி. எங்க வீட்டுக்கு வந்தா அம்மா பிரிச்சுப் பார்த்துடுவாங்க. நீங்கன்னா கையோட கொண்டாந்துடுவீங்கன்னு அவதான் சொன்னா."

அவள் மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். அந்த முகத்திடம் இன்னும் ஏதோ கேட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

"இவளைப் பார்த்த பின்னாடியுமா?"

"விட முடியல ஆன்ட்டி."

"யார் அனுப்புறா?"

"தெரியாது. போன்ல மட்டும்தான் பேசுவாங்க. நல்லாத்தான் பேசுவாங்க."

வாசலில் கணவனின் குரல் மறுபடி அதையே கேட்டது. இந்தப் பெண்ணின் தாயிடம் சொன்னால் அவனுக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இந்த ஒருத்தியைத் தவிர.

சீப்பை வைத்துவிட்டு எழுந்தாள். தோழியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பெண் உதறப் பார்த்தாள். பிடி தளரவில்லை.

வாசலில் பெண்களோடு உட்கார்ந்திருந்த தோழியின் தாய், அவள் துக்கம் தாங்காமல் தன் தோளில் சாய வருகிறாள் என்று நினைத்து, நகர்ந்து இடம் விட்டாள். அவள் உட்கார்ந்தாள். பெண்ணின் கையை எடுத்துத் தாயின் மடியில் வைத்து, அதன்மேல் தன் கையை அழுத்திக்கொண்டாள்.

"இவளைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். பிறகு கணவனைப் பார்த்து, "நீங்களும் கேளுங்க."

அவன் டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டான்.