நீலம் பாய்ந்த முனைகள்

என் தங்கை கடைக்குள் வந்த வேகத்தில், வாசலில் தொங்கவிட்டிருந்த கையுறைக் கொத்து அரை நிமிஷம் ஆடிக்கொண்டே இருந்தது. கையில் ஒரு முழ நீளக் குழாய்த் துண்டு. அதைக் கண்ணாடி மேஜைமேல் வைக்கவில்லை, போட்டாள்.

"என்ன வீலுண்ணே குடுத்த நீ? இதப் பாரு."

எவர்சில்வர் குழாய். வெட்டிய முனையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு நீலம் பாய்ந்து, விளிம்பு கருகியிருந்தது.

"முப்பத்தாறு பீஸையும் திருப்பி அனுப்பிட்டாங்க. முதியோர் இல்லத்து பாத்ரூமுக்குக் கைப்பிடி. வயசானவங்க புடிச்சு எந்திரிக்கிற கம்பி, அடிபுடிச்ச கரண்டி மாதிரி இருந்தா யாரு வாங்குவா?"

நான் இரும்புச் சாமான் கடைக்காரன். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருந்தார்கள். அவர் வெட்டுவார், அவள் பற்றவைப்பாள். பட்டறைக்காரர்கள் அவரை 'நூல்' என்றுதான் கூப்பிடுவார்கள். கோடு போடாமலே வெட்டினாலும் நூல் பிடித்தாற்போல் இருக்கும். சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது.

எவர்சில்வர் வெட்ட வீல், மெஷினில் சுழன்று வெட்டுகிற அந்த மெல்லிய வட்டக் கல், கேட்டு யார் வந்தாலும் நான் ஒப்பிக்கும் பாட்டு ஒன்று உண்டு. எவர்சில்வருக்கென்று அச்சடித்ததையே வாங்கு. குழாய்க்கு ஒரு மில்லிமீட்டர் கனம் போதும், தடிமனாகப் போனால் சூடுதான் மிச்சம். இரும்பை வெட்டிய வீலால் இதைத் தொடாதே, இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு பத்தே நாளில் துருப்பிடிக்கும். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள தகட்டு வளையத்தில் காலாவதித் தேதி பார். அன்றைக்கும் அந்தப் பாட்டை எடுத்தேன்.

"இரும்புக்குப் போட்ட வீலை..."

"எனக்கே பாடம் நடத்தறியா? ரெண்டுக்கும் மெஷினே தனித்தனியா வச்சிருக்கோம்."

"தேதி?"

"இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு."

"மெஷின் மோட்டார்ல கரித்துண்டு தேஞ்சு வேகம் குறைஞ்சிருக்கும். வேகம் குறைஞ்சா சூடேறும்."

"போன வாரந்தான் மாத்தினேன்."

வீல் சரி, தேதி சரி, மெஷின் சரி. மிச்சம் இருந்தது பிடிக்கிற கை ஒன்றுதான். அந்தப் பக்கம் எங்கள் இரண்டு பேர் புத்தியுமே போகவில்லை. நூல் மாப்பிள்ளையின் கையைச் சந்தேகப்படுவது, படிக்கல்லையே தூக்கித் தராசில் போட்டு எடை பார்க்கிற மாதிரி. எங்களுக்கு அது தோன்றாது.

புதுப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். "இதுவும் கருகுச்சுன்னா கொண்டாந்து உன் வாசல்லயே கொட்டுவேன்" என்று படியில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளையே வந்தார். விடியற்காலையிலிருந்து மழை, நல்ல குளிர். குடையை மடக்காமலே உள்ளே வந்து கீழே சாய்த்து வைத்தார்.

"நேத்து இங்க புயல் கரையக் கடந்துச்சாமே மச்சான்?"

"சேதாரம் ஒண்ணுமில்ல மாப்ள. கையுறைதான் கொஞ்சம் ஆடுச்சு."

சிரித்தார். மூன்று கம்பெனி வீல்களை எடுத்துக் கண்ணாடிமேல் பரப்பினேன். "பாத்து எடுங்க."

அவர் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பது எனக்குச் சற்றுப் பொறுத்துத்தான் விளங்கியது. ஒரு மில்லிமீட்டர் வீல் கண்ணாடியில் ஒட்டினாற்போல் படுத்திருக்கும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் எழுந்துவிடும். அவர் விரல்கள் அதன்மேல் இரண்டு முறை வழுக்கின. பிறகு உள்ளங்கையால் மேஜை ஓரம் வரை தள்ளிக்கொண்டு வந்து, கீழே விழப்போகும்போது மறு கையால் ஏந்திக்கொண்டார். விரல்களைப் பார்த்தேன். இரண்டாவது கணுவுக்கு மேலே சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல் வெள்ளையாக இருந்தன.

பிடித்துப் பார்த்தேன். சில்லிட்டிருந்தன. கிள்ளினேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

"குளிர்தான்" என்றார்.

"எப்பலேர்ந்து மாப்ள?"

வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு வருஷமாச்சு. மொதல்ல காலையில மட்டும் மரத்துப்போகும். இப்ப நாள் முழுக்க. மெஷினப் புடிச்சா எவ்வளவு அழுத்தறேன்னே தெரியல மச்சான். பல்லு புடுங்க ஊசி போட்டுட்டு, மென்னு பாருன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு."

இரும்பானால் அழுத்தினாலும் தாங்கும். எவர்சில்வர் தாங்காது. சூடு பரவாமல் வெட்டு வாயிலேயே தங்கி நீலமாகும். வீல் தன் போக்கில் தின்ன வேண்டும், கை கூடவே போனால் போதும். போகிற கைக்கு உணர்வு வேண்டுமே.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டிட்டேன். இத்தனை வருஷ அதிர்வுல நரம்பு செத்துப்போச்சாம். மெஷின விட்டுட்டா இதோட நிக்குமாம். போனது திரும்பாதாம்."

"அவகிட்ட?"

"சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க." இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கு எலும்பு வலித்தது. "இந்த ஆர்டர் முடியட்டும். நானே சொல்லிடறேன். அவ என் வெட்டப் பாத்துத்தான் மச்சான் கட்டிக்கிட்டா. இந்த மூஞ்சியப் பாத்தா கட்டிக்கிட்டா?"

அது கேலிப்பேச்சு இல்லை. அவள் கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு பட்டறையில் வேலை பார்த்தாள். அங்கே இவர் வெட்டி அனுப்பிய துண்டுகள் இடுக்கில் வெளிச்சம் தெரியாமல் பொருந்தியதைப் பார்த்துவிட்டு, இது யார் வேலை என்று விசாரித்தவள் அவள்தான்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். புத்திசாலித்தனம் வேறு செய்தேன். மேல் தட்டிலிருந்து வேறொரு ரக வீலை எடுத்துக் கொடுத்தேன். அதன் மணல் தானாகவே உடைந்து புதுக் கூர் காட்டிக்கொண்டே இருக்கும், அழுத்தம் அதிகம் கேட்காது. "ஒரே மூச்சுல வெட்டாதீங்க. குழாயத் திருப்பித் திருப்பி நாலு பக்கமா வெட்டுங்க. நடுநடுவுல ஆறவிடுங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். கையில் குடை இல்லை. மழையில் பாதித் தெரு போனபிறகுதான் நினைவு வந்து திரும்பி வந்தார்.

ஐந்து நாள் எல்லாம் நன்றாகவே போனது. முனைகள் வெளுப்பாகவே வந்தன, இங்கொன்றும் அங்கொன்றும் லேசாக வைக்கோல் நிறம், அவ்வளவுதான். தங்கை போகிற வழியில் கடை முன்னால் நின்று, "இதாண்ணே வீலு! இத மொதல்லயே குடுக்கறதுக்கென்ன?" என்றாள். அந்தப் பாராட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஏதோ நானே அந்த வீலைச் செய்தவன் மாதிரி மேஜையைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஆறாம் நாள் முற்பகல், தங்கையின் பட்டறைக்குப் பக்கத்துப் பட்டறைக்காரர் கடைக்குள் ஓடி வந்தார். பட்டறைப் பக்கம் காட்டிக் கையை ஆட்டினார்.

நடந்ததைப் பிற்பாடு சேர்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு நீளக் குழாய் இரண்டு தாங்கிகளுக்கு நடுவே கிடந்திருக்கிறது. பாதி வெட்டியதும் நடு தொய்ந்து, வெட்டு வாய் மூடி, வீலைக் கவ்வியிருக்கிறது. எந்த வெட்டுக்காரருக்கும் இது நடக்கும். கவ்வுவது முதலில் விரலுக்குத்தான் தெரியும், தெரிந்த மாத்திரத்தில் விசையை விட்டுவிடுவார்கள். அவருக்குத் தெரியவில்லை. அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். வீல் நொறுங்கியது. மெஷினின் காப்புத் தகடு அவர் பக்கம் இருந்ததால் அவருக்குக் கீறல்கூட இல்லை. துண்டுகள் எதிர்ப்பக்கம் பறந்தன. எதிர்ப்பக்கத்தில் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என் தங்கை நின்றிருந்தாள். பற்றவைக்கும் வேலை அப்போது இல்லாததால் முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கி விட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரோ காகிதக் கோப்பையில் டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவர் பிடியில் கோப்பை நசுங்கி, சுடச்சுட டீ விரல் வழியாக வழிந்து முழங்கை வரை ஓடிச் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அறுவைக்கூடக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோப்பையை எடுத்து அப்புறப்படுத்தினேன். தோல் சிவந்து கொப்புளம் கிளம்பத் தொடங்கியிருந்தது.

"எரியலையா மாப்ள?"

"என்ன?" என்றார்.

வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று டாக்டர் வந்து சொன்னார். மாப்பிள்ளை எழுந்து நின்று, "சரிங்க" என்றார். ஏதோ அளவு சொன்னதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள்தான் தங்கை என்னிடம் பேசினாள். பாதி முகத்துக்குக் கட்டு. மாப்பிள்ளையை மருந்து வாங்கிவர அனுப்பிவிட்டிருந்தாள்.

"வீல்ல குத்தமாண்ணே?"

"இல்லம்மா."

"தேதி?"

"சரியாத்தான் இருந்துச்சு."

மேலே விசிறியைப் பார்த்தபடி சொன்னாள். "நேத்து அவரு சொல்லிட்டாரு. கையைப் பத்தி. அழுதுக்கிட்டே சொன்னாரு. உனக்கும் தெரியும்னாரு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு பயந்தாரு, மறைச்சாரு. அந்தப் பயம் எனக்குப் புரியுது. நீ எதுக்குண்ணே மறைச்ச?"

"வாக்குக் குடுத்துட்டேம்மா."

"அவருக்குக் குடுத்த. சரி. தெனமும் அந்தக் குழாயோட மறுமுனையப் புடிச்சிட்டு நின்னது நானு. உன் கூடப் பொறந்தவ."

அதன்பிறகு எத்தனையோ பதில்களைத் தயார் செய்து பார்த்திருக்கிறேன். பட்டறை மூடிவிடுமே என்று பயந்தேன். ஆர்டர் முடிய இன்னும் நாலு நாள்தானே என்று நினைத்தேன். ஆம்பளை ஒருத்தர் கையைப் பிடித்துக் கெஞ்சியதில் இளகிவிட்டேன். எல்லாமே உண்மைதான், ஒன்றுகூட அவள் முகத்துக்கு நேரே சொல்லத் தக்கதாக இல்லை. இன்னொன்றும் உண்டு. சரியான வீலைக் கொடுத்தால் எதையும் சரிக்கட்டிவிடலாம் என்று நான் மெய்யாகவே நம்பினேன். இருபது வருஷமாக அதைச் சொல்லித்தானே பிழைக்கிறேன்.

"தண்ணி வேணுமாம்மா?" என்றேன்.

"வேணாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிச்சக் கைப்பிடிகளை வேறொரு பட்டறை செய்து மாட்டிவிட்டது. தங்கையின் பட்டறைக் கதவு இறங்கியது இறங்கியதுதான். ஒரு தடவை அவள் போய்த் திறந்து பற்றவைத்துப் பார்த்தாளாம். கம்பி முனை உலோகத்தைத் தொடுகிறதா, அரை இஞ்சு முன்னால் நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நாலு இடத்தில் குத்தி, ஐந்தாவது இடத்தில் ஓட்டை விழுந்ததும் மெஷினை அணைத்துவிட்டாள் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்னார். பழகிவிடும், ஒரு வருஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையை வேலைக்குச் சேர்த்துக்கொள்ள இரண்டு இடத்தில் தயாராக இருந்தார்கள், காவலுக்கு. அவர் போகவில்லை.

நான் வாரம் ஒரு முறை போவேன். என்னை வா என்று யாரும் சொல்வதில்லை, வராதே என்றும் சொல்வதில்லை. போன வாரம் போனபோது கதவு திறந்தே கிடந்தது. சமையலறை மேடையில் ஆறு டம்ளர்களை வரிசையாக வைத்து, தங்கை குவளையிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். முதல் டம்ளருக்கு வெளியே கொட்டியது. கையைச் சற்று உள்ளே இழுத்து ஊற்றினாள், பாதி உள்ளே போனது. அடுத்தது முழுக்க மேடையில். மாப்பிள்ளை பின்னால் துணியோடு நின்றிருந்தார். துடைக்கக் கை நீட்டியவரிடம், "விடுங்க, நானே துடைப்பேன்" என்றாள். துணி அவர் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்திருந்தது. விழுந்தது தெரியாமல் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

செருப்புச் சத்தம் கேட்டுத் தலையை முழுக்கத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"கடைய யாரு பாத்துக்கறா?"

"பூட்டிட்டு வந்தேன்."

"வேலை நேரத்துல பூட்டாத. போ."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொண்டு போன பழப்பையை நாற்காலிமேல் வைத்தேன்.

படியிறங்கும்போது மேடையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது.